ஒரே எடை, வேறு வெளிச்சம்

விளக்கிச் சொல்லிப் பிழைப்பவர்கள் அறிவார்கள்: கேட்பவர் விரைந்து தலையசைத்தால், அவருக்குப் பேருந்து நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். எண்பதுகளில், ஆம்பூருக்கு மேலே மலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய வான்நோக்கு நிலையத்தில், சனிக்கிழமை மாலைகளில் வருவோர்க்குத் தமிழில் விளக்கம் சொல்வது என் பணி. இலக்கணம் பயின்றவள் பிழையின்றிச் சொல்வாள் என்று நம்பி அமர்த்தினார்கள்.

நாத்தனார்

வெள்ளைக் குறுமீன் என்பது எரிந்து ஓய்ந்து, பூமியளவுக்குச் சுருங்கிய விண்மீன். அது தன் துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து எடை கூடும். எடை ஒரு வரம்பை எட்டியதும் வெடிக்கும். வரம்பு ஒன்றே, ஆதலால் வெளிச்சமும் ஒன்றே. நிலைய இயக்குநர் எழுதித் தந்த இவ்விளக்கத்தை நான் முடித்ததும், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னாள்: "கூட இருக்கிறவங்களை உறிஞ்சி உறிஞ்சி, கடைசில அதுவே வெடிக்குதா? எங்க நாத்தனாரேதான்."

கம்மி

எங்கள் ஆய்வாளர் சேஷாத்ரி அளந்த வெடிப்பு ஒன்று, இருக்கவேண்டியதைவிட மங்கலாக இருந்தது. எடை ஒன்றாயினும், உள்ளே தீ மெல்லப் பரவியதா, பாய்ந்து சென்றதா என்பதைப் பொறுத்து, வெடிப்பில் உண்டாகும் கதிரியக்க நிக்கலின் அளவு மாறும். அந்த நிக்கல் சிதையும்போது வருவதே நாம் காணும் ஒளி என்பது அவர் கருத்து. அவருடையது தற்காலிகப் பணி. இதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்றால் நீடிக்கும், இல்லையேல் இல்லை. இயக்குநர் படித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார்: "வெடிச்சது கம்மி இல்ல சேஷாத்ரி, நீங்க அளந்ததுதான் கம்மி."

ஏழு தரம்

வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் குடும்பத்துடன் வந்தார். வெளிச்சம் ஒன்றே என்று நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே மந்தை, ஒரே தொட்டி, ஒரே சுண்ணாம்பு. எடுத்துப் பார்த்தா தோல் ஏழு தரமா நிக்குது. உங்க நட்சத்திரம் மட்டும் எப்டிம்மா?" கதவருகே நின்ற சேஷாத்ரி, "பாய், என் கட்டுரையை உங்ககிட்டதான் அனுப்பணும்" என்றார். வியாபாரி சற்றும் யோசிக்கவில்லை: "அனுப்புங்க, அதுக்கு இன்னா."

முகப்பு விளக்கு

அந்த மங்கலான வெடிப்பு நிகழ்ந்த அதே விண்மீன் திரளில் இன்னொரு குறுமீன் வெடித்தது. தொலைவு ஒன்றே என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். சேஷாத்ரிக்குத் தேவைப்பட்ட சான்று இதுவே. மழை விட்ட ஒரே மாலையில், அது உச்ச ஒளியை எட்டும் தருணத்தில், தொலைநோக்கியில் ஒளிப்படத் தகட்டைத் திறந்து வைத்தார். வண்டிகள் வாயிலைத் தாண்டியதும் முகப்பு விளக்கை அணைக்கவேண்டும் என்பது எங்கள் விதி. மாதனூரிலிருந்து வந்த கம்பெனிப் பேருந்து, வளைவில் விளக்கை முழுதாகப் போட்டது. வெளிச்சம் பட்டுத் தகடு முற்றும் கறுத்தது. மறுநாளிலிருந்து மீண்டும் மழை. ஓட்டுநரிடம் விதியைச் சொன்னேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "பொம்பளைங்க பிள்ளைங்களோட நடந்து வர்றாங்க, பாம்பு ஜாஸ்தி. நட்சத்திரம் நாளைக்கும் இருக்கும்ல?"

காட்பாடி

சான்று இல்லாத கட்டுரை திரும்பி வந்தது, பணி நீடிக்கவில்லை. ஆம்பூரில் நில்லாத பெங்களூர் வண்டிக்காகச் சேஷாத்ரி காட்பாடி ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியுடன் நின்றார். ஆறுதலாக ஒரு வாக்கியம் அமைத்துக்கொண்டு போயிருந்தேன். அதற்குப் பதில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். ஏறும்போது அவரே சொன்னார்: "அந்த டிரைவரைத் திட்டாதீங்க. பாம்பு நிஜமாவே ஜாஸ்தி."

ஒரே எடையில் வெடித்தவை வெவ்வேறாக ஒளிரும் என்பதை ஒப்புக்கொள்ள உலகுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அதை முதலில் சொன்னவரை மலையிறக்க ஒரு பேருந்தின் விளக்கே போதுமானதாயிருந்தது.