அடியில் விட வேண்டிய ஒரு விரல்

தசரா நெருங்கினால் மைசூரே வெள்ளையடித்துக்கொள்ளும். மகாராஜாவின் யானை போகும் வீதியில் ஒரு சுவர்கூட அழுக்காக நிற்கக் கூடாது. அப்படி எத்தனையோ சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியவள் மாதம்மா. ஹனூரிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அவன் ஏணியில் நின்று மேலே பூசுவான். இவள் கீழே பூசுவாள். மூலையில் விரல் அகலம் விட்டுப்போனாலும் வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். எதையும் பூசாமல் விடக் கூடாது என்பது அவள் கையிலேயே ஊறிப்போயிருந்தது. கடைசியில் அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது.

புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு, மகள் நாச்சம்மாளை ஹனூரில் அண்ணன் கரியப்பன் வீட்டில் விட்டுவிட்டு, ரத்தினசாமி முதலாளியின் ஊறுகாய் ஜாடிப் பட்டறையில் சேர்ந்தாள். அண்ணி குழந்தைக்குச் சோறு போடத்தான் செய்தாள். போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாதம்மாவோ பட்டறைத் தாழ்வாரத்தில் படுப்பவள். மகளை எங்கே அழைத்து வருவது?

பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. பூச்சு வேலையைக் கற்றுக்கொண்டால் அது உனக்கு, கற்றாயா இல்லையா என்பதை இந்தச் சூளை சொல்லட்டும் என்றார் முதலாளி. அன்று மாலையே ஹனூர் பஸ்ஸில் போகிறவரிடம், குழந்தையைக் கூட்டி வரும்படி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள் பாவி மகள். அவள் மனம் அவ்வளவு பறந்தது.

ஜாடிக்குப் பூசும் கலவை பார்ப்பதற்குச் சுண்ணாம்புத் தண்ணீர் போலவே இருந்தது. தீயில் உருகினால் பச்சைக் கண்ணாடியாகப் பளபளக்குமாம். மூத்தவள் கௌரம்மா பூசிக் காட்டினாள். மாதம்மாவின் கை சீராக ஓடுவதைப் பார்த்துக் கௌரம்மாவுக்கே ஆச்சரியம். பூசி முடித்த ஒவ்வொரு ஜாடியின் அடியையும், அடியை ஒட்டி ஒரு விரல் அகலத்தையும் கௌரம்மா ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

மத்தியானம் கௌரம்மா சாப்பிடப் போனாள். வரிசையாக நின்ற ஜாடிகளின் கீழே வெறும் மண் தெரிந்தது. மாதம்மாவால் தாங்க முடியவில்லை. முதலாளி கண்ணில் பட்டால் அக்காவைத் திட்டுவாரே என்று, ஒன்றுவிடாமல் எடுத்து, அடிவரை வழித்துப் பூசிக் காயவைத்தாள். சூளை அடுக்கும் மல்லப்பனுக்கு, கௌரம்மா கைபட்ட ஜாடிகளைத் திருப்பிப் பார்க்கிற வழக்கமே இல்லை. அவள் திரும்பி வருவதற்குள் அப்படியே உள்ளே அடுக்கிவிட்டார். வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். தீ வைத்தார்கள்.

மறுநாள் துணியை அலசிக்கொண்டே கௌரம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "அடியில மட்டும் பூச்சு இருக்கக் கூடாதுடி. உருகி வழிஞ்சு, சூளைக்குள்ள ஜாடி நிக்கிற தட்டோட ஒட்டிக்கும். அப்புறம் உளி வெச்சுத்தான் பேத்தெடுக்கணும். ஜாடியும் போச்சு, தட்டும் போச்சு."

மாதம்மா எழுந்து சூளையடிக்கு ஓடினாள்.

"தீய நிறுத்துங்கண்ணா. உள்ள அத்தனையும் நான் கெடுத்து வெச்சிருக்கறேன்."

மல்லப்பன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப நிறுத்துனா வெடிச்சுப் போகும். எரிய விட்டா ஒட்டிக்கும். இதுல எதும்மா வேணும் உனக்கு?"

தான் பூசியதைத் துடைக்க ஒரு துணி போதும். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஜாடிகள் இருக்கின்றன. ஆனால் நடுவில் நெருப்பு இருந்தது. ஹனூருக்குச் சொல்லி அனுப்பியதும் அப்படித்தான். இனித் திருப்பி வாங்க வழியில்லை. சூளையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சூளை ஆறித் திறந்த காலையில்தான் கரியப்பனும் நாச்சம்மாளும் துணி மூட்டையோடு வந்து நின்றார்கள். உள்ளே ஜாடிகள் தகதகவென்று மின்னின. ஒன்றுகூடத் தட்டை விட்டு அசையவில்லை. மல்லப்பன் உளியை வைத்துத் தட்டத் தட்ட, அடிகள் தட்டிலேயே நிற்க, ஜாடிகள் உடைந்து கையோடு வந்தன.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். நாளைக்கு வேலைக்கு வா என்று மட்டும் சொன்னார். அறையைச் சக்கரத்தில் வனைகிறவருக்குக் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, நம்ம ரூமு எது?" என்றாள் நாச்சம்மாள்.

மாதம்மா அண்ணனைப் பார்த்தாள். கரியப்பன் தாழ்வாரத்தையும், அங்கே சுருட்டி வைத்திருந்த பாயையும் பார்த்தான்.

"பொட்டப்புள்ளைய இங்க எப்படீம்மா விட்டுட்டுப் போவேன்? அடுத்த தடவ பாக்கலாம்" என்று மூட்டையை மறுபடி தூக்கினான்.

குழந்தை அழவில்லை. உடைந்த குவியலில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. வழிந்து உறைந்த பூச்சின் ஒரு சொட்டு, பச்சையாக, உருண்டையாக.

"மணி மாதிரி இருக்குது. நான் எடுத்துக்கட்டுமா?"

மாதம்மா தலையை ஆட்டினாள். அந்தச் சொட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பஸ் ஏறிய மகள், கை காட்டக்கூட அதைத் திறக்கவில்லை.

மறுநாள் கௌரம்மா ஈரத்துணியை நீட்டினாள். மாதம்மா ஒரு ஜாடியைக் கவிழ்த்து அடியைத் துடைத்தாள். வெறும் மண் தெரிந்தது. வலது கை தானாகவே தூரிகையைத் தேடிப் போயிற்று. இடது கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.