ஒயர் இல்லாத புல்வெட்டி

பாகூரில் எங்கள் வாசலில் இரண்டு பாய் அகலத்துக்குப் புல்தரை. அதற்காகப் பேட்டரி புல்வெட்டி வாங்கினோம். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் என் கணவர், ஃபியூஸைப் பிடுங்காமல் மோட்டாரைத் தொடமாட்டார். இதிலோ பிடுங்க ஒயரே இல்லை.

அன்று தென்னை ஓலை சிக்கி, கத்தி நின்றது. கைப்பிடி விசையை நான் அழுத்தியபடியே நின்றேன். அவர் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்தார்.

"வாணாம்யா, கைய வுடாத!"

"ஒயரா கீது, ஷாக்கடிக்க? சும்மா நில்லுடி."

ஓலை விடுபட்டதும் கத்தி சுழன்று துண்டைக் கவ்வியது. எப்படிக் கையை உருவினாரோ! நின்ற இயந்திரத்துக்குள் உயிர் காத்துக்கிடந்ததை அவர் நினைக்கவில்லை; தடுத்த நானும் விசையை விட நினைக்கவில்லை. விசையை விட்டுவிட்டு அவர் விரல்களை எண்ணிப் பார்த்தேன்; துண்டு மட்டும்தான் கிழிந்திருந்தது.

இப்போது எது சிக்கினாலும், முதலில் பேட்டரியைக் கழற்றுகிறோம். அதன் இளஞ்சூடான கனம் என் உள்ளங்கைக்கு வந்த பிறகுதான் அவரைக் குனியவிடுகிறேன்.