பேக்கிங்கில் விட்டுப்போன ஓட்டை

மெக்கானிக்குக்கு ஜட்ஜு என்று பட்டம் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவன் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் உடனே கை வைக்க மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். பிறகு "வால்வு" என்றோ "பிளக்கு" என்றோ ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வரும். அப்பீல் கிடையாது. "எங்க வீட்ல மிக்ஸி ரிப்பேருன்னாக்கூட மூணு வாய்தா ஆகும்" என்று அவர் பெண்டாட்டியே பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்தெட்டு வருஷம் இப்படித் தீர்ப்புச் சொல்லியே பிழைத்தவர். அதில் ஒன்று அவருடைய தங்கை புருஷன் தலையில் விழுந்தது.

தங்கை புருஷன் ஒரு முதியோர் இல்லத்தில் தோட்டக்காரர். மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டாலும் இரண்டு பேருக்கும் ஒரே வயசு, தோளில் கை போட்டுக்கொண்டு சுற்றியவர்கள். அந்த இல்லத்துப் புல்வெளியை வெட்ட ஒரு குட்டி டிராக்டர் உண்டு. ஏறி உட்கார்ந்து ஓட்டலாம், அடிவயிற்றில் பிளேடு சுற்றும். வருஷத்துக்கு ஒருமுறை ஜட்ஜு போய் அதை சர்வீஸ் செய்துவிட்டு வருவார்.

போன வருஷம் சர்வீஸ் முடிந்த மறுநாளே வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. சத்தம் வீறிட்டு ஏறும், அணையப்போவது மாதிரி இறங்கும், மறுபடி ஏறும். வெட்டிய புல் அலை அலையாக நின்றது. ஜட்ஜு வந்தார், கேட்டார், டேங்கைத் திறந்து மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வண்டிச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி அவர் கையிலேயே சதா அந்த வாடைதான் என்பது அப்போது தோன்றவில்லை.

சமையலறைக்குப் பின்னால் எல்லோரும் டீ குடிக்கிற நேரம். மேனேஜர், சமையல்காரம்மா, டிரைவர், வாட்ச்மேன், இரண்டு நர்ஸுகள், சலவைக்காரம்மா, ஆக ஏழு பேர்.

"ஏன் மாப்பிள்ளை, பெட்ரோல உருவிட்டு மண்ணெண்ணெய ஊத்தி வச்சா வண்டிக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

நக்கலாகத்தான் ஆரம்பித்தார். ஏழு பேரும் சிரித்ததும் நக்கல் நிஜமாகிவிட்டது.

"மச்சான், வெளையாடாத. நான் எடுக்கல."

"நான் சொல்லல மாப்பிள்ளை, வண்டி சொல்லுது. அது பொய் சொல்லாது."

அந்த வாரமே தோட்டக்காரரை அனுப்பிவிட்டார்கள். ஜட்ஜு டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றினார். அப்படியும் வண்டி மூச்சு வாங்கியது. பழசு பெட்ரோல் வருகிற ஜெட் ஓட்டையில் ஒட்டியிருக்கும், போகப்போகச் சரியாகும் என்று, காற்றைக் குறைக்கிற சோக்கைப் பாதி மூடி ஒரு கம்பியால் கட்டிவிட்டார். சத்தம் அடங்கியது. ஜட்ஜுக்கு மனசும் அடங்கியது. தங்கை மட்டும் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. பதினோரு மாதம்.

பதினோராம் மாதம், புதுத் தோட்டக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, அந்தக் கம்பி அறுந்துபோச்சு. வண்டி மறுபடி இழுத்து இழுத்து விடுதுண்ணே."

ஜட்ஜு போனார். கண்ணை மூடிக் கேட்டார். அதே சத்தம். ஏற்றம், இறக்கம், ஒரு இம்மி மாற்றமில்லை.

"பெட்ரோல் யாரு ஊத்தறது?"

"மேனேஜர்தாண்ணே. அந்த ஆளு விவகாரத்துக்கப்பறம் கேன அவர் பீரோவுலதான் பூட்டி வச்சிருக்காரு. சாவி அவர் இடுப்புல."

மேனேஜர் மண்ணெண்ணெய் கலக்கப்போவதில்லை. அப்படியென்றால் இந்த வண்டி போன வருஷம் சொன்னது என்ன?

அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோக்கை விரலால் பாதி மூடினார், சத்தம் நேரானது. விட்டார், மறுபடி ஏறி இறங்கியது. இன்ஜினுக்குப் போதுமான பெட்ரோல் போகவில்லை. ஜெட்டைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார், ஊசிமுனை வெளிச்சம் சுத்தமாகத் தெரிந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஸ்பிரிங்கைத் தொட்டார், அது எங்கும் சிக்காமல் சரியாகத்தான் ஆடியது. கார்புரேட்டர் இன்ஜினோடு சேருகிற இடத்தில் காற்று ஒழுகுகிறதா என்று கிளீனரை அடித்துப் பார்த்தார், சத்தம் மாறவில்லை. மிச்சமிருந்தது ஏர் ஃபில்டர் பக்கம்.

கழற்றினார். உள்ளே, இரண்டு இரும்புக்கும் நடுவில் காற்று ஒழுகாமல் வைத்திருந்த பேக்கிங்கைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. போன வருஷ சர்வீஸ் அன்றைக்குக் கம்பெனி பேக்கிங் கிழிந்துபோயிருந்தது, கடையில் கிடைக்கவில்லை. பேக்கிங் ஷீட்டை வைத்து, சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டி அவரே வெட்டியது. போல்ட்டுக்கு இரண்டு ஓட்டை, நடுவில் பெரிய வட்டம். ஓரத்தில் கடுகளவு இன்னொரு ஓட்டை இருக்க வேண்டும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கிற கிண்ணம் அது வழியாகத்தான் காற்று வாங்கும். அதை அடைத்தால் பெட்ரோல் இறங்காமல் திணறும். பேக்கிங்கில் அந்த இடத்தில் இரும்பு பதிந்த வட்டத் தடம் மட்டும் இருந்தது. ஓட்டை இல்லை. போட மறந்திருக்கிறார்.

ஒரு ஆணியை எடுத்தார். ஒரே குத்து. மாட்டி, கம்பி எதுவும் கட்டாமல் ஸ்டார்ட் செய்தார். நூல் பிடித்தாற்போல ஒரே சீராக ஓடியது.

"அடேங்கப்பா! என்னண்ணே கோளாறு?" என்றார் புதுத் தோட்டக்காரர்.

அன்றைக்கு ஜட்ஜிடமிருந்து ஒற்றைச் சொல்கூட வரவில்லை.

வீட்டில் பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாய மூடிட்டு இருங்க. ஒங்க வாயிலதான் நம்ம வீட்ல ஒல கொதிக்குது. தப்பாச் சொல்லிட்டேன்னு நீங்களே போய்ச் சொன்னா, நாளைக்கு எவன் வண்டிய விடுவான்?"

அவள் சொன்னதில் தப்பேதும் இல்லை. ஜட்ஜும் இரண்டு நாள் வாயை மூடித்தான் பார்த்தார். ஒர்க்ஷாப்பில் எந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டாலும் சந்தேகமாக இருந்தது. ஸ்கூட்டர் கொண்டுவந்த ஒரு பையனிடம், "எனக்குத் தெரியலப்பா, தெறந்து பாத்துதான் சொல்லணும்" என்றார். பையன் பயந்துபோய் வேறு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார். தங்கை கதவைத் திறந்தாள், பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வந்தார். இப்போது ஒரு நர்சரியில் செடித் தொட்டி தூக்குகிறார். ஆள் பாதியாகியிருந்தார்.

ஜட்ஜு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாக்கெட்டிலிருந்து பழைய பேக்கிங் ஷீட்டில் ஒரு துண்டை எடுத்து, ஓட்டை எங்கே வரவேண்டும் என்றுகூடக் காட்டினார்.

மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கவில்லை.

"இத எதுக்கு என்கிட்ட சொல்றே? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

"மாப்பிள்ளை..."

"ஏழு பேர் முன்னாடி சொன்னே. சிரிச்சாங்க. அந்த ஏழு பேர்கிட்டப் போய்ச் சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது. ஓங்கி அறையவில்லை, மெதுவாகத்தான்.

முதலில் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "இப்ப சொல்லி என்னய்யா பிரயோஜனம்? புது ஆள் வந்தாச்சே."

"வேலை கேக்கல சார். அவர் மேல தப்பில்லன்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க."

மேனேஜர் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "அடுத்த சர்வீஸுக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார். ஜட்ஜு தலையாட்டினார். சமையல்காரம்மா கரண்டியும் கையுமாகக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். அப்போது எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் அவள்தான். டிரைவர், "ஜட்ஜுக்கே ஜட்ஜ்மெண்டா!" என்று தொடையைத் தட்டினான். அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் மூன்று தெரு தாண்டும் என்று ஜட்ஜுக்குத் தெரியும். நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். வாட்ச்மேனுக்குச் சங்கதியே மறந்திருந்தது, முதலிலிருந்து விளக்கவேண்டியதாயிற்று. நர்ஸுகள் இரண்டு பேரிடமும் சொன்னார். ஒருத்தி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழாவது ஆள் சலவைக்காரம்மா. வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாளாம். இரண்டு பஸ் மாறவேண்டும். ஜட்ஜு ஒர்க்ஷாப்பைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

அவள் மாடிப்படிக்குக் கீழே துணி உதறிக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"நீங்க மெக்கானிக்குதானே? தோட்டக்காரரத் திருடன்னு சொன்னவரு."

"ஆமாம்மா. அத மாத்திச் சொல்லத்தான் வந்தேன். அவர் எடுக்கல. நான் செஞ்ச வேலையிலதான் கோளாறு."

அவள் கையிலிருந்த துணியைப் படியில் வைத்தாள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"கடைசி நாள் என் ரூமு வாசல்ல வந்து, போயிட்டு வரேம்மான்னு சொன்னாருய்யா. தெனம் எனக்கு வாளி தூக்கிக் குடுத்த மனுஷன். நான் திரும்பிக்கூடப் பாக்கல. அவர் போனதும் சோப்பு டப்பாவ எண்ணிப் பாத்தேன்."

தான் சொன்ன சொல் இவள் சோப்பு டப்பா வரைக்கும் போயிருக்கும் என்று ஜட்ஜு எண்ணியதே இல்லை.

"எங்க இருக்காரு இப்ப?"

சொன்னார்.

"செத்த இருங்க. மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

"நீங்க எதுக்கும்மா? ரெண்டு பஸ்ஸு. முழங்கால் வலிக்கும்."

"ஒங்க தப்ப நீங்க சொல்லிட்டீங்க. என்னுத யாரு சொல்றது?"

பஸ் ஏறும்போது அவளுடைய துணிப்பையை ஜட்ஜு வாங்கிக்கொண்டார். தங்கை வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை அப்போதுதான் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். சலவைக்காரம்மாவைப் பார்த்ததும் ஈரக்கையோடு எழுந்தார். அவள் கிட்டே போனாள். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அட, என்னம்மா இது. வாங்க, உள்ள வந்து உக்காருங்க மொதல்ல." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தண்ணி கொண்டா."

அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனவர் நிலைப்படியில் திரும்பினார். ஜட்ஜு தெருவிலேயே நின்றார், பாக்கெட்டில் மேனேஜர் எழுதிய காகிதம், கையில் அவளுடைய துணிப்பை.

"அங்க என்ன நின்னுட்டிருக்கே? அவங்க பையக் கொண்டாந்து உள்ள வை."