பெஸ்ஸிக்கு எடுத்த இன்சூரன்ஸ்

டெஸ்மண்ட் லீக், வேலைக்காலம் முழுவதும் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊருக்குள் பஸ் ஓட்டியவர். அதிர்ந்து பேசமாட்டார். மனைவி இறந்தபிறகு அவரோடு வீட்டில் இருந்தது பெஸ்ஸி மட்டும்தான். பந்தயத்தில் ஓடி, இனி லாயக்கில்லை என்று கழித்துவிடப்பட்ட கிரேஹவுண்ட் நாய். சாம்பல் நிறம், குச்சிக் கால்கள். அவர் வீட்டுக்கு வந்த முதல் வாரம் மாடிப்படி ஏறத் தெரியாமல் கீழேயே நின்று அழுதது. இப்போது அதற்குப் பதினோரு வயது. முகமெல்லாம் நரைத்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் அவர் குடலில் கட்டி இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். வசந்தம் பிறப்பதற்குள் அறுத்து எடுத்துவிட வேண்டும், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடக்க வேண்டும். டெஸ்மண்ட் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். லீட்ஸில் இருக்கும் மகளுக்குக்கூடச் சொல்லாமல், நாய்க்கு இன்சூரன்ஸ் தேட ஆரம்பித்தார்.

பழைய பாலிசி ஒன்று இருந்தது. நாய்க்கு வயது ஏற ஏறத் தவணையும் ஏறியதால், ஓய்வுபெற்ற வருஷம் அதை விட்டுவிட்டார். இப்போது கிழ நாயைச் சேர்த்துக்கொள்ளப் பல கம்பெனிகளுக்கு மனமில்லை. ஒன்று விபத்துக்கு மட்டும் கொடுக்கும் என்றது. இன்னொன்று வைத்தியச் செலவில் கால்பங்கை அவரே போட வேண்டும் என்றது. தினமும் காலைத் தேநீருக்குப் பிறகு அவர் ஃபோனை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா நாயை யாரு பாத்துப்பா? அதுக்குப் பணம் தருவீங்களா?"

கடைசியில் ஒரு பெண்குரல் சொன்னது: "தருவோம் சார். நாய்கள் விடுதில தங்க வைக்கிற செலவும் இந்தப் பாலிசில உண்டு. நாய்க்கு ஏற்கெனவே நோய் நொடி ஏதாவது இருக்கா?"

"பின்னங்கால்ல மூட்டுவாதம் இருக்கும்மா. பல்லும் மோசம்."

"அப்ப காலுக்கும் பல்லுக்கும் கிடைக்காது சார். மத்ததுக்கு உண்டு."

"மத்ததுக்குத்தான் வேணும்" என்றார் டெஸ்மண்ட்.

விஷயம் தெரிந்து மகள் ஜில்லியன் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அழுது முடித்து, சமையலறை மேஜையில் கிடந்த இன்சூரன்ஸ் காகிதங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்குக் கட்டின்னு எங்கிட்ட சொல்ல வாய் வரல. நாய்க்கு மட்டும் ஊர்ல உள்ள கம்பெனிக்கெல்லாம் ஃபோன் போட்டிருக்கீங்க. நல்லா இருக்குப்பா!"

"எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு. அதுக்கு யாரு இருக்கா?"

"நான் இல்லையா?"

"உன் ஃப்ளாட்ல வீட்டுக்காரன் நாய் வளர்க்கவிட மாட்டானே."

பெஸ்ஸி எழுந்து வந்து, நீண்ட மூக்கை அவள் மடியில் வைத்தது. "நீ ஒண்ணும் சமாதானம் பண்ண வேணாம் போ" என்றாள் ஜில்லியன். ஆனாலும் அதன் காதைத் தடவிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் அவரே பெஸ்ஸியை ஊருக்கு வெளியே இருந்த விடுதியில் கொண்டுபோய் விட்டார். அதன் கம்பளியையும் எடுத்துப் போயிருந்தார். கம்பி அடைப்புக்குள் அது திரும்பி நின்று பார்த்தபோது, அவர் வேகமாகக் காருக்கு நடந்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். டெஸ்மண்டுக்கு அப்படித் தெரியவில்லை. மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் கழிவு சேர ஒரு பை. நாக்கு வறண்டு ஒட்டியது, தண்ணீர் கேட்டால் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தார்கள். இருமினால் உயிர் போய் வந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே சில சமயம் மறந்து, குழாயைப் பிடுங்கப் போனார். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நல்லதுக்குத்தான் தாத்தா" என்றாள்.

அந்த நிலையில் ஒரு பிற்பகல் ஃபோன் வந்தது. பெஸ்ஸியைப் பல வருஷமாகப் பார்த்துவந்த கால்நடை டாக்டர் ஹெலன் மார்ஷ். டெஸ்மண்ட் சொல்லிவைத்திருந்தபடி விடுதிக்காரர்கள் அவரிடம்தான் நாயைக் கொண்டுபோயிருந்தார்கள்.

"டெஸ்மண்ட், இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. பெஸ்ஸியோட இரைப்பை முறுக்கிக்கிச்சு. வயிறு கல்லு மாதிரி உப்பியிருக்கு. உடனே வயித்தைத் திறந்தாகணும். உங்க பாலிசில பெரும்பகுதி கிடைச்சிடும், செலவைப் பத்தி யோசிக்காதீங்க. நீங்க சரின்னு சொன்னா போதும்."

இதற்காகத்தானே அத்தனை நாள் காலையில் உட்கார்ந்து பேசினார். சரி என்ற சொல் வாய்வரை வந்தது.

"பொழைக்குமா?"

"பாதிக்குப் பாதி. வயசாயிடுச்சு இல்லையா."

"முழிச்சதும் அதுக்கு என்ன நடந்துச்சுன்னு புரியுமாம்மா?"

"அது எப்படிப் புரியும்? முதல் சில நாள் கஷ்டம்தான். குழாய், ஊசியெல்லாம் இருக்கும்."

"எதுக்குன்னு தெரிஞ்சே என்னால தாங்க முடியல. அது எப்படித் தாங்கும்? பக்கத்துல நானும் இல்ல." அவருக்கு மூச்சு வாங்கியது. "வேணாம்மா. வலியில்லாம ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வச்சிடுங்க."

"உறுதியாத்தான் சொல்றீங்களா?"

"ஆமா."

"ஃபோனை அது காதுகிட்ட வைக்கட்டுமா? ஏதாவது பேசுறீங்களா?"

"வேணாம். என் குரலைக் கேட்டா எந்திரிச்சுத் தேடும்."

சாயங்காலம் ஜில்லியன் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னைக் கேட்டிருக்கலாமேப்பா. நான் லீவு போட்டு அது பக்கத்துல இருந்திருப்பேனே."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படியொரு வழி இருந்தது என்று அவள் சொன்னபிறகுதான் முதன்முதலாகத் தெரிந்தது.

டெஸ்மண்ட் தேறினார். கோடைக்குள் குழாயும் மயக்கமும் ஏதோ பழைய கனவு போல ஆகிவிட்டன. பையை மாற்றுவதும் பழகிப்போனது. பரிசோதனையில் கட்டியின் தடயமே இல்லை என்றார்கள். ஜில்லியன் அவரை க்ளீத்தோர்ப்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பெஞ்சில் உட்காரவைத்து மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தாள். வெயில் இதமாக இருந்தது. பசித்துச் சாப்பிட்டார். பாதியில் கையை நிறுத்திவிட்டார்.

"என்னப்பா, வலிக்குதா?"

"வலியே இல்லை, ஜில். அதான். அன்னிக்கு இப்படி ஆவேன்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

அவர் பெஸ்ஸியைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நீங்கள் செய்தது சரிதான் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகும் அவர் பல வருஷம் இருந்தார். வேறு நாய் எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஹெலன் இரண்டொரு தரம் கேட்டுப் பார்த்தார். "இன்னொரு உயிருக்காக எனக்கு முடிவு பண்ணத் தெரியல டாக்டர், வேணாம்" என்றுவிட்டார் டெஸ்மண்ட்.