ஆயுத பூஜைக்கு மறுநாள் எரியாத பச்சை விளக்கு

ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்பெனியில் தையல் மெஷின்கள் ஓடவில்லை. வாசலில் பனியன் பெட்டிகளை ஏற்றிய லாரி மட்டும் தூத்துக்குடிக்குக் கிளம்ப நின்றது. சரக்கை அனுப்பலாம் என்று மெயில் போட்டிருப்பதாக வெளிநாட்டுக் கம்பெனி போனில் சொல்லியிருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து டிரைவரிடம் கொடுத்தால்தான் வண்டி நகரும். மதியத்துக்குள் கிளம்பாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது.

ஆபீசில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. போட்டேன். ஸ்க்ரீன் வந்தது, இன்டர்நெட் வரவில்லை. மோடத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். நெட்வொர்க் கார்டு என்று ஒன்று உள்ளே இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, ஆவுமுங்களா? கோயமுத்தூர்ல இருந்து ஆளை வரச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நானே பாத்தர்றனுங்க."

சொன்னேனே தவிர, அவர் போனை எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "பூஜை நாளுல எவன் எடுப்பான்" என்று போனை வைத்தார். பிரவுசிங் சென்டர்களும் பூட்டிக் கிடந்தன.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மா நின்றாள். அதே கம்பெனியில், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலை; அன்று பெட்டி ஏற்ற வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "எம்மவ கம்ப்யூட்டரையே பிரிச்சு மாட்டுவா" என்று அந்த டேபிள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து, "என்னட்டி, முழிக்கே?" என்றாள்.

"நீ போம்மா."

கம்ப்யூட்டர் டப்பாவின் மூடியைக் கழற்றியதும் கை நின்றது. எப்போது திறந்தாலும் உள்ளே பனியன் பஞ்சு மெத்தைபோலப் படிந்திருக்கும். அன்று துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"நேத்து நாந்தானுங்க பிரிச்சு ஏர் அடிச்சேன்" என்றார் முதலாளி. "எல்லா மெஷினுக்கும் செய்யறதுதானுங்களே."

தையல்காரராக இருந்து முதலாளி ஆனவர். பூஜைக்கு ஒவ்வொரு மெஷினையும் அவரே பிரித்து, காற்றடித்து, தன் கையால் உள்ளேயும் பொட்டு வைப்பார். அதை வேறு யாரிடமும் விடமாட்டார்.

நெட்வொர்க் கார்டை உருவினேன். அதன் மேல் சந்தனமும் குங்குமமும். ஈரச் சந்தனம் கீழே வழிந்து, ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிற வரிகளின் மேல் காய்ந்து ஓடாகியிருந்தது.

அவர் வைத்த பொட்டு. அதைத்தான் கோளாறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

கார்டை அவரிடம் நீட்டினேன். "இதுதானுங்க கோளாறு. இந்த எடத்துல எதுவும் படக்கூடாதுங்க. அழிக்கோணும்."

அவர் கார்டையே பார்த்தார். பிறகு, "அழிங்க" என்றார். "சாமி கோவிச்சுக்காது. கப்பல்காரன்தான் கோவிச்சுக்குவான்."

மேலே இருந்ததை வழித்தேன். வரிகளை ரப்பரால் தேய்த்தேன், காய்ந்த சந்தனம் தூளாக உதிர்ந்தது. ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கார்டை அழுத்திச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்மா கதவை விட்டு நகரவில்லை. நான் மோடத்தையே பார்த்தேன்.

பச்சை எரிந்தது.

மெயில் வந்து, பிரிண்ட் எடுத்து, முதலாளியே அதை வாசலுக்குக் கொண்டுபோனார். லாரி தெரு திரும்பிய பிறகு வந்து சொன்னார்: "அடுத்த வருசம் இதுக்கு மட்டும் நீங்களே பொட்டு வெச்சுருங்க அம்மணி."

அம்மா உள்ளேயே வந்துவிட்டாள். "எங்கட்டி வைப்பே?"

"டப்பாவுக்கு வெளியே."