குறும்படத்தில் சாகாமல் இருப்பது

குறும்படத்தில் முதியவர் வேடம் ஏற்பவன் முதலில் கற்க வேண்டியது வசனம் அன்று, மூச்சை அடக்குவது.

தலை நரைத்தபின் இத்துறையில் கால் வைத்து, பாயிலும் பாடையிலும் படுத்துப் படுத்து எழுந்த நண்பர்களே, உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. படம் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் பார்ப்பவர் நெஞ்சம் கலங்க வேண்டும். அதற்கு இயக்குநர்கள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி, கதையில் உள்ள பெரியவரைச் சாகடித்துவிடுவது.

நான் முப்பத்தோராண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. படிப்பை நான் கைவிடவில்லை. ஒரு நடைக்கும் மறு நடைக்கும் இடையே கிடைத்த நேரத்தில் நூலகப் புத்தகங்களைக் கடைசி இருக்கையில் அமர்ந்து படித்தே இந்த உரைநடையை ஈட்டினேன். திண்டுக்கல்லில் கேமரா வைத்திருக்கும் இளைஞர்களுக்கு என் குரலைவிட என் வெண்தாடியே பயன்பட்டது என்பது வேறு செய்தி. முதல் மூன்று படங்களில் மூன்று முறை இறந்தேன்.

பேயின் இருமல்

முதற்படம் பேய்ப்படம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் கேட்டு வாங்கி, நண்பகலில் சன்னல்களுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு இருட்டை உண்டாக்கினார்கள். செத்துப்போன வீட்டுக்காரர் மீண்டும் வருகிறார், அவர்தான் நான். முகம் முழுக்க விபூதியைப் பூசிக்கொண்டு பின்பக்கச் சன்னலில் நிற்கையில், அடுத்த வீட்டு அம்மாள் துணி உலர்த்த வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீடு வாடகைக்கு விடப்படுமா என்று விசாரித்தார். இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது.

ஆயினும் அவர் கெட்டிக்காரர். என் முகத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, வெற்று அறையையும் அதற்குள்ளிருந்து வரும் என் இருமலையும் மட்டும் வைத்தார். திரையிட்டபோது கல்லூரி மாணவர்கள் அலறினார்கள். காட்டாததைக் கொண்டு நடுங்கவைப்பதே பேய்ப்படத்தின் மேன்மை என்று அன்று அறிந்தேன். இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்பு, தப்பா நெனைக்காதீக. உங்க மூஞ்சிக்கு ஒரு பயலும் பயப்படல. அந்த இருமலுக்குத்தான் இம்புட்டுச் சத்தம்."

கொலையுண்டவர் வீடு திரும்பியது

அடுத்தது துப்பறியும் படம். முதல் நிமிடத்திலேயே நான் குத்துண்டு வீழ்ந்தேன். எஞ்சிய பதினொரு நிமிடமும் துப்பறிபவர் என்னைச் சுற்றி நடந்தவாறு பேசினார். நான் அசையலாகாது. எறும்பு வந்தது; அசையவில்லை. தேநீர் வந்தது, அப்போதும் அசையவில்லை. இவ்வகைப் படத்தின் சிறப்பு சிக்கனம். கீழே விழுந்த மூக்குக்கண்ணாடி எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதில் முழுக் கதையும் அடங்கிவிடும்.

என் வீட்டிலோ அந்தக் கண்ணாடியை ஒருவரும் கவனிக்கவில்லை. சர்க்கரைப் பாகில் குங்குமத்தைக் குழைத்த செந்நீர் சட்டை முழுவதும் காய்ந்திருக்க, நான் வாசற்படியில் கால் வைத்தேன். என் மனைவி பழனியம்மாள் கையை நீட்டி மறித்தாள். "செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்தாலே தலை முழுகணும். செத்தவரே வந்தா என்ன பண்றது? கொல்லப் பக்கமாப் போங்க, அண்டாவுல தண்ணி கெடக்கு."

மாலை போட்ட படம்

மூன்றாவது குடும்பப் படம். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர்வதற்குள் தந்தை இறந்துவிடுகிறார். கதை பழையது என்று நகைக்காதீர்கள். நன்றாக எடுத்தால், படம் பார்த்தவர் வெளியே வந்ததும் தம் தகப்பனாருக்குத் தொலைபேசியில் பேசுவார். அந்தப் பயன் வேறெந்த வகைக்கும் இல்லை. என் புகைப்படத்துக்குச் சட்டமிட்டு, ரோஜா மாலை அணிவித்து, விளக்கேற்றி வைத்தார்கள். படக்குழுவில் ஒருவர் அதைத் தம் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸப்பில் நிலைத்தகவலாக வைத்தார். அடியில் ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் குடும்பத்துக்கு ஒரு முற்பகல் மிச்சமாகியிருக்கும்.

என் மைத்துனர் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். படம் கைமாறி அவரை எட்டியது. உறவினர்களை வேனில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லை நெருங்கியபின்தான் அவர் தம் தங்கையை அழைத்தார். காலையில் என்னை நலமாக வீட்டில் விட்டுவிட்டுத் தாடிக்கொம்புப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்த பழனியம்மாள், கோயில் வாசலில் நின்று கைப்பேசியில் அண்ணனின் அழுகுரலைக் கேட்டாள். அங்கிருந்தே ஆட்டோ பிடித்தாள். அவள் வந்தபோது நான் வாசலில் நின்று, வேன் நிறைய வந்திறங்கிய அவளுடைய உறவினர்களிடம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் படியில் அமர்ந்துவிட்டாள். பேசியவர் மைத்துனர்தாம், கையில் ஆள் உயர மாலையுடன்: "ஏனுங்க மாப்ள, கேரளா லாரிக்கு முருங்கக்காய் ஏத்தறத அப்படியே விட்டுப்போட்டு வந்தனுங்க. உசுரோட இருக்கறதுன்னா ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதுங்களா?"

நிபந்தனை

வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு, பொய்யாகச் சாவுச் செய்தி பரவினால் ஆயுள் கெட்டி என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். மாலையை அடுத்த தெருப் பசு உண்டது. பழனியம்மாள் மட்டும் மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவள் கோபத்தை நான் அறிவேன். இது கோபம் அன்று. இரவில் நான் புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான்காம் நாள் காலை, காப்பித் தம்ளரை வைத்துவிட்டுத் தீர்ப்பளித்தாள்: "கதையில உசுரோட இருந்தா நடிக்கப் போங்க. இல்லன்னா வீட்டுல உசுரோட இருங்க. ரெண்டுல ஒண்ணு."

நான் வாக்களித்தேன். அன்று முதல் எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்தே படிக்கலானேன். சிரிக்காதீர்கள். அரைக் கிழவனான காலத்தில் கிடைத்த ஒரே மகிழ்ச்சி பறிபோகுமோ என்ற அச்சம் எனக்கு மெய்யாகவே இருந்தது. வந்த ஐந்து கதைகளிலும் கடைசிப் பக்கத்தில் நான் இல்லை.

சுவர்

ஆறாவதாக ஒரு சோதனைப்படம் வந்தது. ஏழு நிமிடம் நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே கதை. சாவு இல்லை என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன். திருமண மண்டபத்து மாடியில் திரையிட்டார்கள். இவ்வகையின் சிறப்பை நான் இப்படிச் சொல்வேன்: பார்ப்பவருக்கு அது எதையும் ஊட்டுவதில்லை, அவருடைய நேரத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது. என் அருகில் அமர்ந்திருந்த ஆட்டோ ஓட்டுநர் வேறுவிதமாகச் சொன்னார்: "எப்பண்ணே படம் ஆரம்பிக்கும்னு பாத்தேன், முடிஞ்சிருச்சுங்கிறாங்க. ஆனா ஒண்ணு, செவரு நல்லாருந்துச்சு."

தோல்

பிறகு பாத்திமா வந்தாள். தோல் பதனிடும் குடும்பத்துப் பெண். தன் தந்தையின் தொழிலை ஆவணப்படமாக எடுத்திருந்தாள். பின்னணியுரை சொல்ல என்னை அழைத்தாள். ஆவணப்படத்தில் எவரையும் சாகடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதியோடு நான்கு நாட்கள் அமர்ந்து, எதுகையும் மோனையும் இயல்பாக அமைய, பதினான்கு பக்கங்கள் எழுதினேன்.

ஒலிப்பதிவின்போது இரண்டாம் பக்கத்திலேயே அவள் என்னை நிறுத்தி, ஒலியில்லாமல் படத்தை ஓட்டிக் காட்டினாள். திரையில் அவள் தந்தையின் கை ஈரத்தோலை விரித்துத் தடவி, மெலிந்த இடத்தைக் கண்டுகொண்டு நின்றது. என் பதினான்கு பக்கங்களில் அந்த நிற்றல் இல்லை. ஒப்புக்கொள்ளச் சிறிது கசந்தது; எனினும் ஒப்புக்கொண்டேன். உள்ளதை உள்ளபடி விட்டுவிடும் துணிவே ஆவணப்படத்தின் பெருமை. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அய்யா, எங்கத்தா கையே அம்புட்டும் சொல்லிருது. நீங்க செத்த நேரம் பேசாம இருங்க, அதுவே பெரிய உதவி."

மலைப்பேருந்து

அந்தப் பாத்திமாவே அடுத்துக் கதைப்படம் எடுக்க வந்தாள். ஒரு முதியவர் சிறுமலைப் பேருந்துக்காக அடிவார நிறுத்தத்தில் காத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தைக் கேட்டேன். இன்னும் எழுதவில்லை என்றாள். பழனியம்மாளிடம் "காத்திருப்பது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மலைக்குப் போகும் பேருந்துகள் சிலவே. அன்றைய வெளிச்சத்துக்குள் வருவது ஒன்றே. அது வரக் கால் மணி நேரம் இருக்கையில் பாத்திமா என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "அய்யா, முடிவு கெடச்சிருச்சு. பஸ் வரும், நிக்கும். நீங்க கண்ண மூடி உக்காந்திருப்பீங்க, எந்திரிக்க மாட்டீங்க. பஸ் போயிரும்." நான் தூங்கிவிட்டேனா என்று கேட்டேன். அவள் இல்லையென்று தலையசைத்தாள். என் வாக்குறுதியைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. ஆனாலும், "உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம்யா" என்றே சொன்னாள். ஒரே பேருந்து, ஒரே வாய்ப்பு. ஆறு மாதமாக அவள் சுமந்த கதை. வீட்டில் ஒருத்திக்கு வாக்கு, இங்கே ஒருத்திக்குக் கடமை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்காம் முறையாகச் சாக முடிவு செய்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பேருந்து வந்து நின்றது. "பெருசு, ஏறுறீகளா இல்லையா?" என்று நடத்துநர் கேட்டார். மூச்சை அடக்கினேன். பிறகு அவர் புறப்படுவதற்கான இரட்டை விசில் ஊதினார். நண்பர்களே, முப்பத்தோராண்டுகள் அந்த விசில் ஒலித்தபின் நான் தரையில் நின்றதில்லை. வண்டி அசையுமுன் என் கால் படியில் இருந்தது, கை கம்பியில் இருந்தது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில்தான் நான் இறந்திருக்க வேண்டியவன் என்பது நினைவுக்கு வந்தது.

இறங்கி, மலைவாழைத் தார் ஏற்றிவந்த வேனில் தார்களுக்கிடையே அமர்ந்து கீழே வந்தேன். மன்னிப்புக் கேட்க நல்ல சொற்களைக் கோத்து வைத்திருந்தேன். பாத்திமா ஒரு கல்லின்மேல் அமர்ந்து கேமராவின் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பேருந்து போய்விட்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த பலகை மட்டும் வெயிலில் கிடந்தது. "அய்யா, ஒண்ணும் பேசாதீங்க. இந்த வெறும் பலகையப் பாருங்க. இதுக்கு மேல ஒரு சாவு எதுக்கு?"

மாலையில் வீட்டு வாசலில் பழனியம்மாள் நின்றிருந்தாள். அவள் கேட்குமுன் நானே நடந்ததைச் சொன்னேன், சாகத் துணிந்ததையும் சேர்த்து. சட்டையில் ஒட்டியிருந்த வாழைச் சருகை எடுத்துப் போட்டாள். பிறகு வழிவிட்டு நகர்ந்தாள். "விசிலு ஊதுனவரு நல்லாருக்கட்டும். காலை மட்டும் கழுவிட்டு நேரா உள்ள வாங்க, சோறும் வெஞ்சனமும் ஆறுது."

ஆக, பேய், துப்பு, கண்ணீர், சுவர், தோல் என எல்லா வகைக் குறும்படங்களிலும் தேர்ந்து நான் கண்ட முடிவு, நடத்துநராக இருந்தவனைச் சாகடிக்க விரும்பும் இயக்குநர் முதலில் பேருந்து வராத இடமாகப் பார்க்க வேண்டும் என்பதே.