ரெண்டு கதவு வண்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். சிங்கப்பூரில் இருந்து திரும்பிவந்த ஒருவர் கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் வண்டி. இரண்டே கதவு. ஏறி உட்கார்ந்தால் தரையோடு தரையாக உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்சீட் என்று பேருக்கு ஒன்று இருந்தது, அதில் காய்கறிப் பைதான் கொள்ளும். எங்களுக்குக் கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை; தண்ணீர் பம்புகளுக்கு ஷாப்ட் கடைந்து கொடுப்போம். இந்தப் பிழைப்புக்கு எதற்கு ரேஸ் வண்டி என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"ஆசையா இருந்துச்சு அம்மணி. வேற என்னத்தச் சொல்லட்டும்?" என்றார்.

வேட்டிகூட நான் எடுத்துக் கொடுத்தால்தான் கட்டுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒன்றுக்கு ஆசைப்பட்டுவிட்டார், நான் என்ன சொல்ல முடியும்? முதல் நாள் சாயங்காலம் அவிநாசி ரோட்டில் என்னை உட்காரவைத்து ஓட்டினார். மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரித்த சத்தம் மட்டும் கேட்டது.

ஓடிய நேரத்தைவிட அந்த வண்டி பானெட் திறந்து கிடந்த நேரம்தான் அதிகம். மற்ற கார்களுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் இதற்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும். டர்போ என்று உள்ளே ஒன்று, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்ன விசிறி. வேகமாக வந்து உடனே அணைத்தால் அந்தச் சூட்டில் ஆயில் கருகிவிடுமாம். அதனால் வாசலில் வந்து நின்ற பிறகும் இன்ஜினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார், நான் போட்ட காப்பி ஆறிக்கொண்டிருக்கும். நம்மூர் பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டில் ஏறும்போது டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல் உள்ளே தட்டும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிப்பாகம் உரசும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அப்போதுதான்.

மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். அன்னூரில் என் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது, ஆனால் வெளிச்சம் இருந்தது. முன்னால் ஓரமாக ஒரு ஆள் சைக்கிளில் தீவனக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வண்டி நேராக அவர்மேல் போனது. நான் கத்தினேன். இவர் ஸ்டியரிங்கை ஒடித்து பிரேக் அடித்தார். சைக்கிள்காரர் கட்டோடு பள்ளத்தில் விழுந்து எழுந்து, எங்களைத் திட்டிக்கொண்டே போனார். அடி ஒன்றுமில்லை.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?"

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "இல்ல அம்மணி. கொஞ்ச நாளாவே பக்கவாட்டுல எதுவும் தெரியறதில்ல," என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் நெடுநேரம் சோதித்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற விழித்திரை ஓரத்தில் இருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். கண்ணாடி போட்டு ஆகாது, ஆபரேஷன் கிடையாது, மருந்தும் கிடையாது. "எவ்வளவு நாளைக்குங்க சார்?" என்று இவர் கேட்டார். "மெதுவாத்தான் போகும். ஆனா போயிரும்," என்றார் டாக்டர். வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தி, "இனி வண்டி ஓட்ட விடாதீங்கம்மா," என்றார். அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வெளியே வந்ததும் இவரே சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்; பிறகு பட்டறை ஆள் போய் அதை எடுத்துவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை மட்டும் அவர் விடவில்லை. ஓட்டாமல் வைத்திருந்ததில் காருக்கு வேறு சீக்கெல்லாம் வந்தது. பேட்டரி இறங்கியது. டயர் தரைபட்ட இடத்தில் தட்டையானது. பிரேக் தட்டு துருப்பிடித்தது. பானெட்டுக்குள் எலி கூடு கட்டி ஒயரைக் கடித்துவிட்டது. கடிபட்ட இடத்தை அவர் விரலாலேயே தடவிக் கண்டுபிடித்து முறுக்கி டேப் சுற்றினார். ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே, "நீ ஓட்டப் பழகு அம்மணி. இது நின்னா செத்துப்போகும்," என்றார்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். அந்த வண்டியின் கிளட்ச்சை மிதிக்க என் கால் பத்தாது. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் விடியற்காலையில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுவேன். மூன்றாவது கியருக்கு மேல் போனதில்லை. மாட்டுவண்டிகூட எங்களோடு போட்டி போடலாம். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு காதால் ஓட்டுவார். "இப்ப மாத்து. இல்ல இல்ல, கொஞ்சம் ஏறட்டும். ம்." எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அவருக்காகத்தான் போனேன்.

அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் என்று பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று உண்டு. வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் ஓடவைப்பது அதுதான். குறிப்பிட்ட தூரம் ஓடினால் மாற்றியே ஆக வேண்டும். பம்பாய்க்குச் சொல்லிவிட்டார், வந்த பெல்ட்டில் பல்லின் அளவு சேரவில்லை. வண்டியை விற்ற ஆள் சிங்கப்பூரில் இருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றவர் பிறகு போனை எடுக்கவே இல்லை. இவர் பெல்ட் மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு நெடுக நெருடிப் பார்த்தார்.

"வெடிப்பு உட்டிருக்குது."

"அப்ப எடுக்க வேண்டாமுங்க."

"எடுக்காட்டியும் கெட்டுத்தான் போகும். போலாம்," என்றார்.

அன்னூர் போகிற வழியிலேயே அறுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று இல்லாமல்போனது, வண்டி தானாக உருண்டுபோய் நின்றது. என் கை சாவிக்குப் போவதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "திருப்பாத அம்மணி. முடிஞ்சுபோச்சு."

அண்ணன் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். "மாப்ள, நம்ம கோயமுத்தூர்ல செய்ய முடியாதது என்ன இருக்குது? நாலு வால்வு கடைஞ்சா ஆச்சு," என்றார். இவர் சரியென்று தலையாட்டினார்.

பட்டறையில் வைத்து இன்ஜினைத் திறந்தார்கள். இவர் வால்வுகளை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, வளைந்ததை ஒரு பக்கம், நேரானதை ஒரு பக்கம் வைத்தார். நேரானவை சிலதுதான். அதற்கேற்ற இரும்பை எங்கேயோ பிடித்து, தன் கையாலேயே கடையப்போவதாக லேத்தில் நின்றார். நானும் போயிருந்தேன். சுற்றுகிற இரும்பின் சத்தத்திலேயே வெட்டின் ஆழம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் வால்வுக்கு அது பத்தாது, மயிரிழை அளவு பார்க்க வேண்டும். மைக்ரோமீட்டரை முகத்தோடு ஒட்டிப் பிடித்தார். லைட்டுக்கு நேராகப் பிடித்தார். என்னிடம் நீட்டி, "என்ன காட்டுது?" என்றார். எனக்கு அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியாது. பட்டறை ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்றார். லேத்தை அணைத்தார். இரும்பைக் கவ்விப் பிடித்திருந்த சக்கில் இருந்து அதைக் கழற்றி, கீழே போடாமல், மெல்ல மேசைமேல் வைத்தார்.

"சாக்குப் போட்டு மூடிப்போடச் சொல்லு."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியே வரவில்லை. ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வண்டியை வீட்டு வாசலுக்கு இழுத்துவந்து போட்டுவிட்டுப் பட்டறையை வாடகைக்கு விட்டோம். கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இன்று இவ்வளவு போயிற்று என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. டம்ளரை வைக்கும்போது மேசையின் விளிம்பை முதலில் தடவுவதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

வண்டியைச் சேலத்தில் இருந்து ஒருவர் பிரித்து உதிரிச் சாமான்களாக விற்க எடுத்துக்கொள்ள வந்தார். சக்கரம் இறுகிப்போய் உருளவில்லை. நான்கைந்து பேர் கடப்பாரை கொடுத்து நெம்பி, தரையில் தேய்த்து இழுத்து லாரியில் ஏற்றினார்கள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நான் உள்ளே போனேன். அவர் ரேடியோவைக் கூட்டி வைத்திருந்தார்.

"போயாச்சா?"

"இப்பத்தான் ஏத்தறாங்க. வந்து நிக்கறீங்களா?"

"எதுக்கு?" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பிடிக்கவிட்டார். பிறகு மெதுவாக உருவிக்கொண்டார்.